முகூர்த்த நாளில் ப்ராக்டிஸ் இல்லை

சுகர் டெஸ்டுக்கு முதல் ரத்தம் குடுத்தாச்சுங்களா? அப்போ சாப்பிட்டுட்டு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாகணும். நானும் அதே கேஸுதான். நாலு இட்லியோட நிறுத்திக்கிட்டேன் சார், அஞ்சாவது இட்லி ரிசல்ட்ல காட்டிக் குடுத்துடும். பொண்ணுதான் கூட்டிட்டு வந்தா. ஜெசிந்தான்னு பேரு, காலேஜ் கடைசி வருஷம். ஏதோ ஜெராக்ஸ் எடுக்கணும்னு எதிர்ப்பக்கம் போயிருக்கா. நீங்க இதுல உட்காருங்க, அந்த நாற்காலி ஆடும்.

அதோ பில் போடறாரே, அவரு டி-ஷர்ட்டைப் பார்த்தீங்களா? கொம்பு வச்ச மூஞ்சி, முட்டைக் கண்ணு, நாக்கு வெளியே தொங்குது. புதுசா வீடு கட்டுற இடத்துல கண்ணு படாம இருக்கத் தொங்க விடுவாங்களே, அதே பொம்மை மூஞ்சி. 'திருஷ்டி'ன்னு ஒரு ராக் பேண்டு சார். அஞ்சு பேரு, அஞ்சு கலர் முகமூடி, கழுத்துல இருந்து கால் வரைக்கும் கருப்பு அங்கி. யாரு எவருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. சினிமா ரெக்கார்டிங்ல வாசிக்கிற பெரிய பெரிய ஆளுங்க, வெளியில தெரிஞ்சா வம்புன்னு மூஞ்சிய மூடிக்கிட்டு வாசிக்கிறாங்கன்னு பேச்சு. போன மாசம் டிரம்ஸ் அவரு, இந்த மாசம் இவருன்னு பசங்க நெட்டுல கட்சி பிரிச்சுச் சண்டை போடுவாங்க.

அதுல பச்சை மூஞ்சி ஒண்ணு இருக்கு பாருங்க. பேஸ் கிதார். அது நான்தான் சார்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நானே நம்ப மாட்டேன். இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதுல ஒரு சௌகரியம் இருக்கு. சரி, பேரைச் சொல்லிடறேன், இன்னாசி. ராயபுரம். கல்யாண ரிசப்ஷன்ல மெல்லிசைக் கச்சேரி நடக்குமே, எல்லாரும் பந்திக்கு எந்தப் பக்கம் போறதுன்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்களே, அதுல இருபத்தாறு வருஷமா பேஸ் வாசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில மாதா கோயில் பாடகர் குழுவுல. பேஸ்ங்கிறது ரசத்துல பெருங்காயம் மாதிரி சார். இருந்தா யாரும் பேச மாட்டாங்க, இல்லன்னா கேப்பாங்க.

இதுல எனக்கு ஒரு பழக்கம். வாசிக்கும்போது இடது கால் தரையில படணும். செருப்போ ஷூவோ, கை கிதாரைத் தொட்டதும் இடது கால் தானா கழட்டிடும். வீட்டுல, கோயில்ல, மண்டபத்துல, எங்கயும் இப்படித்தான். ஜெசிந்தா சின்னதுல இருந்தே 'ஒத்தச் செருப்பு அப்பா'ன்னு கேலி பண்ணுவா. அவ இப்போ பெரிய ரசிகை ஆயிட்டா, எனக்கு இல்ல, ஹெர்மன் சாருக்கு. ஹெர்மன் சார்னா சினிமாவில பேஸ்க்கு இன்னைக்கு அவருதான். பச்சை மூஞ்சி ஹெர்மன்தான்னு அடிச்சுச் சொல்லுவா. ஹால்ல டிவிக்கு மேல திருஷ்டி போஸ்டரு. நான் ஊஞ்சப் பாட்டுக்கு வாசிச்சுப் பழகினா, "அப்பா, பச்சை மூஞ்சி வாசிக்கிறதைக் கொஞ்சம் கேளுங்கப்பா, அதுல உயிர் இருக்கு"ன்னுவா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா, ஆனா சொல்லிடுவா.

போன வருஷம் ஆனி கடைசியில ஹெர்மன் சார் போன் பண்ணாரு. பழக்கம் உண்டு, அவரோட பழைய கிதாரை நான்தான் வாங்கினேன். தோள்பட்டை இறுகிப் போச்சு இன்னாசி, கைய மேல தூக்க முடியல, ஒரு மாசத்துக்கு ஒரு இடத்துல எனக்குப் பதிலா போய் வாசிக்கணும்னாரு. எங்க தொழில்ல இது சகஜம் சார். ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி வந்துட்டா ஒண்ணுக்கு நாம போவோம், இன்னொண்ணுக்கு நம்பிக்கையான ஆளை அனுப்புவோம். கார் ஓட்டறதுக்கு ஆக்டிங் டிரைவர் இல்லையா, அந்த மாதிரி. சரின்னு போனேன். ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கையில குடுத்தாரு. உள்ள பச்சை மூஞ்சி.

பையைச் சட்டுனு மூடிட்டேன். அவரு பாட்டுக்கு விதிமுறையெல்லாம் சொல்றாரு. பேரு கேட்கக் கூடாது. பேசக் கூடாது, சைகைதான். வீட்டுல மூச்சு விடக் கூடாது. முகமூடியோட எவன் வர்றானோ அவன்தான் ஆளு. மேனேஜருக்கே உள்ள யாருன்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டான். சார், அவ்வளவு பெரிய மேதைங்களுக்கு நடுவுல நான் எப்படின்னேன். சிரிச்சாரு. "பயப்படாத இன்னாசி, எனக்கே இது வேற ஒருத்தர் குடுத்ததுதான்"னாரு. என்ன ஒரு பணிவு பாருங்க. அந்த பேண்டை ஆரம்பிச்சதே அவருதான்னு ஊரே சொல்லுது.

ஆடி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சது. கொளத்தூர்ல ஒரு கல்யாண மண்டபம். ஆடியில கல்யாணம் ஏது, மண்டபம் ஈ அடிச்சுக்கிட்டுக் கிடக்கும். மத்தியானம் மூணு மணிக்கு மூஞ்சிய மாட்டிக்கிட்டு உள்ள போனா, நாலு மூஞ்சி நிக்குது. கருப்பு டிரம்ஸ், மஞ்சள் கீபோர்டு, நீலம் லீட் கிதார், சிவப்பு பாட்டு. பாடறவருக்குக் குரலை மாத்துற மெஷின் ஒண்ணு உண்டு. நான் ஷூ கயிறை மூணு முடிச்சுப் போட்டுக்கிட்டுப் போயிருந்தேன், இடது கால் என்னைக் காட்டிக் குடுத்துடக் கூடாதுன்னு. வாசிக்க ஆரம்பிச்சோம் சார். சும்மா சொல்லக் கூடாது. ஒரு கல்யாணத்துலயும் என்னை யாரும் அப்படி வாசிக்க விட்டதில்ல.

அந்த நாலு பேரையும் கிட்ட இருந்து பார்த்தேன் பாருங்க, பெரியவங்க பெரியவங்கதான். மஞ்சள் இருக்காரே, கீபோர்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ரெண்டு வரி அம்மன் பாட்டு வாசிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாரு. அடுத்த வாரம் அதே மஞ்சள் மூஞ்சி சிலுவை போட்டுக்கிட்டு ஆரம்பிக்குது. எம்மதமும் சம்மதம்னு வாழற மனுஷன். கருப்பு ஒரு வாரம் குண்டா இருப்பாரு, மறுவாரம் ஒல்லியா இருப்பாரு. வசதி இருக்கிறவங்க, டயட்ல இருப்பாங்க. நீலத்துக்கு டீ குடிக்க முகமூடியைத் தூக்கினா ஒரு நாள் தாடி இருக்கும், ஒரு நாள் இருக்காது. சிவப்பு இருக்காரே, அவரைத்தான் என்னால மறக்க முடியல. ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் மேடையில பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ற காலி சோபா கிடக்கும், அதைப் பார்த்துக் கும்பிடுவாரு. யோசிச்சுப் பாருங்க. ஒரு வெறும் சோபாவுக்குக்கூட மரியாதை.

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும் எனக்கு ஒரு சிக்கல் வந்துடுச்சு. முகூர்த்தம் வந்துட்டா எனக்குக் கச்சேரி இருக்கும், ப்ராக்டிஸுக்கு எப்படிப் போறது? ஹெர்மன் சாருக்குத் தோளும் சரியாகல. மேனேஜர் மண்டபத்துச் சுவர்ல இருந்த காலண்டரைக் கழட்டிக்கிட்டு வந்து, எந்தெந்த நாள் முடியாதுன்னு காட்டுங்கன்னு எங்க முன்னாடி பிடிச்சாரு. நான் தயங்கித் தயங்கி விரலை ஆவணி ஆறாந்தேதி மேல வச்சேன். பார்த்தா ஏற்கெனவே அங்க நாலு விரல் இருக்கு. அடுத்தது ஒன்பதாந்தேதி, அஞ்சு விரலும் அங்க. பதினாலு, இருபது, மாசம் பூரா அப்படித்தான். ஒரு முகூர்த்த நாள் விடாம அஞ்சு விரலும் ஒண்ணா வந்து நிக்குது சார். மேனேஜர் எங்களை ஒரு மாதிரி பார்த்தாரு. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. பெரிய மனுஷங்களுக்கு எவ்வளவு கல்யாணப் பத்திரிகை வரும்! எல்லாத்துக்கும் போய்த் தலையைக் காட்டணுமே. அன்னையில இருந்து 'திருஷ்டி'க்கு முகூர்த்த நாள்ல ப்ராக்டிஸ் கிடையாது. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க.

வீட்டுல என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? தியானத்துக்குப் போறேன்னேன். என் வீட்டுக்காரி கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, கிதார் வாசிக்கறதுக்காக மட்டுமே பூசைக்கு வர்ற மனுஷன் வாரா வாரம் தியானம் போறாரேன்னு. பெரிய பாவம்தான் சார். பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாம்னு பார்த்தா, சாமியார் திருஷ்டி ரசிகர்.

நடுவுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னால போக முடியல. மாதா கோயில் திருவிழா, பாடகர் குழுவுல நான் இல்லன்னா நடக்காது. அதனால என்ன பண்ணேன், எங்க கல்யாணக் கச்சேரிக் குழுவுல வாசிக்கிற சவரிமுத்துகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு முகமூடியைக் குடுத்து அனுப்பினேன். தப்புதான். அத்தனை பெரிய மனுஷங்க பொறுப்பா வாரா வாரம் வர்ற இடத்துக்கு, நான் ஒருத்தன் மட்டும் ஆள் அனுப்புறேன்னா எவ்வளவு கேவலம்! சாயங்காலம் வந்து, ஒருத்தரும் கண்டுபிடிக்கலண்ணேன்னான். சந்தோஷப்படணும் இல்லையா? எனக்கு ராத்திரி சோறு இறங்கல. நான் இல்லாதது ஒருத்தருக்குமா தெரியல?

எல்லாம் நல்லாத்தான் போச்சு, டிசம்பர்ல அந்தக் கச்சேரி வர்ற வரைக்கும். மகாபலிபுரம் ரோட்டுல ஒரு காலேஜ் மைதானம், சாயங்காலம் நாலரை மணி. டிவியில நேரடியா காட்டறாங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் தொகுத்து வழங்கற பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்து, இன்னைக்கு இவங்க முகமூடியைக் கழட்டப் போறாங்கன்னு சொல்லுது. எங்களுக்கே தெரியாது சார். மேனேஜரைத் திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். டிவிக்காரங்ககிட்ட சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்கான். முதல்ல யாருன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. அவ்வளவுதான், மைதானம் பூரா "ஹெர்மன், ஹெர்மன்"னு கத்துது.

முன் வரிசையில ஒரு அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி குதிக்கிறா. அட்டையில பச்சை மூஞ்சி வரைஞ்சு, கீழ ஹெர்மன்னு பெரிசா எழுதியிருக்கு. ஜெசிந்தா.

உண்மையைச் சொல்றேன் சார், என் கட்டைவிரல் முகமூடி வார்ல இருந்துச்சு. ஒரே ஒரு இழுப்பு. இந்தா பாரும்மா, நீ உயிர் இருக்குன்னு சொன்னியே, அது உங்கப்பன் வாசிச்சதுன்னு காட்டிடலாம். இருபத்தாறு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு ஆசை வந்ததில்ல. ஆனா ஹெர்மன்னு கத்துற கூட்டத்துக்கு முன்னாடி இன்னாசி வந்து நின்னா என்ன ஆகும்? ஏமாத்துன்னு சொல்லுவாங்க. ஹெர்மன் சார் மானம் போகும். இதோ நிக்கிறாங்களே நாலு மேதைங்க, ஒரு கல்யாணக் கச்சேரிக்காரனைக் கூட வச்சுக்கிட்டு இத்தனை நாள் வாசிச்சோமான்னு கூனிக் குறுகிடுவாங்க. ஜெசிந்தா அந்த அட்டையை மெதுவா கீழ இறக்குவா பாருங்க, அதை நினைச்சேன். அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்ல. அந்த நாலு பேரைப் பார்த்தேன். நாலு பேரும் ஆடாம அசையாம நிக்கிறாங்க. சிவப்பு மட்டும் மைக்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருக்காரு. என் மேல கோவம் போலன்னு நினைச்சேன்.

வார்ல இருந்து கைய எடுத்துக் கிதார்ல வச்சேன். என்ன வாசிக்கிறதுன்னு யோசிக்கல, விரல் பாட்டுக்கு வாசிச்சுது. பார்த்தா, ரிசப்ஷன்ல பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு ஏறும்போது ஒண்ணு வாசிப்போமே, தட்டத் தட்ட வேகம் ஏறிக்கிட்டே போகுமே, அது. ஐயோன்னு நான் சுதாரிக்கறதுக்குள்ள கருப்பு டிரம்ஸ்ல வந்து சேர்ந்துட்டாரு. மஞ்சள் கரெக்டா நாதஸ்வர சவுண்டைத் தட்டிட்டாரு. நீலம், சிவப்பு, எல்லாரும் ஒரே சுருதி, ஒரு இடம் பிசகல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு சார். சினிமாவில வாசிக்கிற மேதைங்களுக்குக் கல்யாண மண்டபத்து வாத்தியம் எப்படி இவ்வளவு அத்துப்படி? அதான் ஞானம்ங்கறது.

அந்தப் பொண்ணு மைக்கோட கிட்ட வரும், நாங்க சத்தத்தைக் கூட்டுவோம். போகும், மறுபடி வரும். மறுபடி கூட்டுவோம். இருபத்தஞ்சு நிமிஷம். மைதானம் எழுந்து நின்னு ஆடுது. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல நான் ஹெர்மனுக்குப் பதிலா நிக்கல சார். யாருக்குப் பதிலாவும் நிக்கல. டிவியில நேரம் முடிஞ்சு வேற நிகழ்ச்சி போட்டுட்டாங்கன்னு யாரோ ஓரத்துல இருந்து கையக் காட்டினதும் அஞ்சு பேரும் அஞ்சு திசையில ஓடினோம். ஓடறதுக்கு முன்னாடி சிவப்பு என் கையப் பிடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு. மத்த மூணு பேரும் கும்பிட்டாங்க. எனக்கு அப்போதான் விளங்குச்சு. நான் டூப்புன்னு அவங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. என் மானத்தைக் காப்பாத்தத்தான் அவங்களும் கழட்டாம வாசிச்சிருக்காங்க. அவங்க நினைச்சிருந்தா கழட்டியிருக்கலாம், அவங்களுக்கு என்ன பயம், ஊர் அறிஞ்ச முகங்க. இந்தக் காலத்துல யாரு சார் அடுத்தவனுக்காக இப்படிச் செய்வாங்க?

பஸ்ல ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனிச்சேன், இடது கால்ல ஷூ இல்ல. மூணு முடிச்சும் எப்போ அவிழ்ந்துச்சோ, மேடையிலயே கழண்டு கிடக்கு. மறுநாள் பேப்பர்ல போட்டோ, காலி மேடையில ஒத்த ஷூ. ஹெர்மன் இத்தாலியில இருந்து வரவழைச்ச ஷூன்னு எழுதியிருந்தான். பர்மா பஜார்ல வாங்கினது சார் அது.

நான் வீட்டுக்குப் போறப்போ ஜெசிந்தா எனக்கு முன்னாடியே வந்துட்டா. கதவைத் திறந்தவ என் காலையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. ரொம்ப நேரம். "அப்பா, ஷூ?"ன்னா. பஸ்ல கூட்டம்மா, எவனோ மிதிச்சுக் கழண்டுடுச்சுன்னேன். "சரிப்பா"ன்னா. என் கையப் பிரிச்சுப் பார்த்தா, விரலெல்லாம் கொப்புளம். மருந்து எடுத்துக்கிட்டு வந்து ஒவ்வொரு விரலா போட்டுவிட்டா. "தியானத்துல ரொம்ப நேரம் ஜபமாலை உருட்டினீங்களாப்பா?"ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா, கண்ணு கலங்கியிருந்துச்சு. நம்பிட்டா, பாவம். பக்தியில அம்மா மாதிரி.

ஒண்ணுதான் வருத்தம். அன்னையோட அவளுக்குத் 'திருஷ்டி' மேல இருந்த ஆர்வம் போயிடுச்சு. ஹெர்மன் பேரையே எடுக்கறதில்ல. அந்த அட்டை பழைய பேப்பர்ல கிடந்துச்சு, ஹெர்மன்னு எழுதின பாதியை மட்டும் கிழிச்சுப் போட்டிருக்கா, மூஞ்சி வரைஞ்ச பாதியைக் காணோம். போஸ்டரை டிவிக்கு மேல இருந்து எடுத்து, எங்க கல்யாண போட்டோவுக்கும் இருதய ஆண்டவர் படத்துக்கும் நடுவுல ஒட்டி வச்சிருக்கா. ஏம்மா அங்கன்னா, அங்கதான் ஆணி இருக்குப்பாங்கறா. ஒட்டுற படத்துக்கு எதுக்கு ஆணி? இந்தக் காலத்துப் பசங்க யோசிக்கறதே இல்ல.

கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஷூ வாங்கிக் குடுத்தா. இதோ கால்ல போட்டிருக்கேனே, இதுதான். கயிறே இல்லாத ஷூ. கடைக்காரரு கயிறு வச்சதுதான் உறுதியா இருக்கும்னு சொன்னாராம், இவ கேக்கலையாம். "இடது கால் சட்டுனு கழட்டற மாதிரி இருக்கணும்"னு நாலு கடை ஏறி இறங்கியிருக்கா. சுகர் இருக்கிறவங்களுக்குக் கால்ல காத்துப் படணும்னு யாராவது டாக்டர் சொல்லியிருப்பாங்க. அப்பன் மேல அவ்வளவு அக்கறை.

ஹெர்மன் சார் தோள் இன்னும் சரியாகல. நீயே வச்சுக்கோன்னுட்டாரு. அடுத்த வாரம் ஆடி பொறக்குது, மண்டபம் சொல்லியாச்சு. அதான் சார், இந்த சுகர் மட்டும் கொஞ்சம்... பேச்சை மாத்துங்க, பேச்சை மாத்துங்க, அதோ வரா. அந்த நாற்காலிக் கால் சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதைப் பத்திப் பேசுங்க.

வாம்மா. ஜெராக்ஸ் எடுத்தாச்சா? சாரும் ரெண்டாவது ரத்தம் குடுக்கக் காத்துக்கிட்டு இருக்காரு, சும்மா நாற்காலியைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

"அங்கிள், அப்பாகிட்ட கொஞ்சம் நீங்களாவது சொல்லுங்க. அடுத்த வாரத்துல இருந்து இவருக்குத் தியானம் ஆரம்பிக்குது. ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பண்ற தியானம். அதுக்குள்ள சுகர் குறைய வேண்டாமா? நடுவுல மயக்கம் வந்துட்டா மத்த நாலு பேரு என்ன பண்ணுவாங்க?"

பார்த்தீங்களா சார். இன்னும் நம்பிக்கிட்டே இருக்கா.